பழைய கம்பங்களை அறுத்தவர்

ஒரு பொருளைச் செய்து விற்றவன் அதன் பின்னால் எவ்வளவு தூரம் நடந்து போக வேண்டும்? வாசல்வரை போனால் போதும், வாங்கியவன் கைக்கு மாறிய பிறகு அது அவன் பாடு என்று சொல்கிறவர்கள் உண்டு. அது மக்கி மண்ணாகும்வரை செய்தவனுக்கும் அதில் பங்கு உண்டு என்பவர்களும் உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டையுமே சொல்லிவிடலாம். எங்கள் ஊரில் ஒருவருக்கு இந்தக் கேள்வியை நடந்தே பார்க்கும்படி நேர்ந்தது. அவர் விடை கண்டுபிடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கேள்வியிலிருந்து நழுவப் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

ஊரில் அவருக்குக் காந்தம் என்று பெயர். வயதில் சின்னவர்களுக்குக் காந்தண்ணன். பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி எப்போதும் தோளில் போட்டிருப்பார். அறுப்பதற்கு முன் ஒவ்வொரு மரத்தின் மேலும் அதைத் தொங்கவிட்டபடி, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெல்ல நடப்பார். உள்ளே ஆணி இருந்தால் கயிறு சாயும். அங்கே சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுத் தோண்டி எடுப்பார். பழைய மரத்தில் ஒளிந்திருக்கும் ஆணி ஒன்று போதும், ரம்பத்தின் பல்லெல்லாம் போய்விடும்.

முன்பு அவர் மின்கம்பம் ஏறும் வேலையில் இருந்தவர். மரக் கம்பங்களைப் பிடுங்கிவிட்டு சிமென்ட் கம்பம் நடத் தொடங்கியபோது, பிடுங்கிய கம்பங்கள் சாலையோரங்களில் புல் மூடிக் கிடந்தன. ஏலத்தில் யாரும் சீந்தவில்லை. அவர் ஒரு லாரி நிறைய எடுத்தார். சேமிப்பையெல்லாம் போட்டு, டீசலில் ஓடும் பட்டை ரம்பம் ஒன்றும் வாங்கினார். அந்த இயந்திரத்தில் மரம் படுக்கையில் அசையாமல் கிடக்கும். இரண்டு இரும்புச் சட்டங்களின் மேல் உருண்டபடி ரம்பம்தான் மரத்துக்குள் நகர்ந்து போகும். ஊருக்கு வெளியே, மூடிப்போன எடை மேடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்டுப் பட்டறை வைத்தார். மாட்டுக் கொட்டகை, கோழிக் கூடு, தீவனக் கிடங்கு என்று பண்ணைக்காரர்களுக்குப் பலகையும் சட்டமும் அறுத்துக் கொடுப்பது அவர் தொழிலாயிற்று.

அவர் பெரிய கைகாரர் இல்லை. அவர் அறுத்த பலகையில் அங்கங்கே அலை இருக்கும். இழைப்புளி போடாமல் உள்ளறைக்கு வைக்க முடியாது. வேகமும் கிடையாது. வாங்க வருகிறவர்கள் அலுத்துக்கொண்டு டீக்கடைக்கும் பட்டறைக்குமாக நடப்பார்கள். ஆனாலும் அவரிடமே வாங்கினார்கள். புது மரம் கட்டுப்படியாகாது, அவருடைய மரத்தைக் கறையான் தொடாது.

கறையான் ஏன் தொடாது என்பதுதான் அவர் தொழிலின் சங்கடம். கம்பம் நடுவதற்கு முன் பெரிய உருளைக்குள் வைத்து, அழுத்தம் கொடுத்து, மருந்துநீரை மரத்துக்குள் ஏற்றியிருப்பார்கள். அந்த மருந்து நஞ்சு. வாசனை இருக்காது. முதலில் பச்சை சாயம் தெரியும், வெயிலில் கிடந்தால் அதுவும் வெளுத்துச் சாம்பலாகிவிடும். ஆனால் மருந்து மரத்தின் வெளிவட்டத்தோடு நின்றுவிடும். நடுவில் இருக்கும் வைரத்துக்குள் இறங்காது. ஆகவே ஒரே கம்பத்தில் நஞ்சேறிய மரமும் நல்ல மரமும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நிற்கும். அறுக்கிறவன் அவற்றைப் பிரித்தாக வேண்டும்.

காந்தம் பிரித்து மூன்று அடுக்காக வைத்தார். முதலில் விழும் நான்கு முதுகுகள், அதாவது ஒரு பக்கம் உருண்டையாக இருக்கும் துண்டுகள், முழுக்க மருந்தேறியவை. அவை வேலிக்கும் மண்ணில் புதைக்கவும். நடுக்கட்டையிலிருந்து வரும் வெள்ளைப் பலகைகள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இவற்றுக்கு இடைப்பட்டவை விளிம்புப் பலகைகள். பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும், ஓர் ஓரத்தில் மட்டும் விரற்கடை அகலத்துக்கு மருந்து ஓடியிருக்கும். அவை கூரைக்கும் வெளிச்சுவருக்கும் ஆகும். மாட்டின் நாக்கு எட்டுகிற இடத்துக்கு ஆகாது. விளிம்புப் பலகை ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் சிவப்புப் பெயின்ட் அடித்து வைப்பார்கள். அடிப்பது அவருடைய மனைவி. கணவர் கையில் தூரிகையைக் கொடுத்தால் பலகையைவிட வேட்டி அதிகம் சிவக்கிறது என்று அந்த வேலையை அந்த அம்மாள் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

மருந்து மரத்தூளை அவர் மூட்டை கட்டிக் கொட்டகைக்குள் பூட்டி வைப்பார். கோழிக்குக் கீழே பரப்பக் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு பிடிகூடக் கிடைக்காது. 'மரத்தூளுக்குப் பூட்டுப் போடுற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்' என்று கேலி பேசிவிட்டுப் போவார்கள். பட்டறை உடுப்போடு அவரை வீட்டுக்குள் விட மாட்டார் மனைவி. பின்பக்கக் குழாயடியில் குளித்து மாற்றிக்கொண்டுதான் சமையலறைக்குள் வர வேண்டும்.

ஒருநாள் ரம்பம் கிறீச்சிட்டு நின்றது. கம்பத்தில் எண் தகடு அடித்திருந்த அலுமினிய ஆணி. அதற்குக் காந்தம் சாயாது.

"இரும்பு மட்டும்தான் ஒட்டும்னு உங்களுக்கு இன்னிக்குத்தான் தெரியுமா?" என்றார் மனைவி.

"தெரியும். அந்த நேரத்துல தோணல."

"அப்ப அந்தக் காந்தத்தைக் கழுத்துல கட்டிக்கங்க. தோணுறது ஏதாவது ஒட்டுதான்னு பாப்போம்."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த கம்பத்திலிருந்து, காந்தத்தோடு ஒரு நடை போனதும் உள்ளங்கையால் தடவியபடி இன்னொரு நடை போனார். வேலை இன்னும் மெதுவாயிற்று.

மனைவிக்கு ஒரு தங்கை. நகரத்துக்குப் பால் அனுப்பும் பால் நிலையத்துக்கு அடுத்த வளைவில் அவளும் அவள் கணவரும் மாடு வைத்துப் பிழைத்தார்கள். அக்கா தங்கையைக் கட்டிய இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் சகலை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சகலைக்கு வாய் அதிகம், காந்தத்துக்கு வாயே இல்லை. அதனாலேயே இருவருக்கும் ஒத்துப்போனது.

அந்த ஆண்டு சகலையின் பழைய கொட்டகை ஒரு காற்றில் சரிந்தது. மழைக்கு முன் புதிதாகக் கட்டியாக வேண்டும். தினமும் பட்டறைக்கு வந்து நின்றார்.

"சகல, இந்த மெஷின் ஓடுதா, நடக்குதா?"

"நடந்தாலும் போய்ச் சேரும்."

"மழை அதுக்கு முன்னாடி வந்து சேர்ந்துடும். மாடு நனைஞ்சா உங்க மச்சினிச்சி உங்களைத்தான் கேப்பா."

"என்னை ஏன் கேக்கணும்? புருஷன் நீதானே?"

"புருஷனைக் கேட்டு அவளுக்கு இதுவரைக்கும் என்ன கிடைச்சிருக்கு?"

அறுத்து முடித்ததும் லாரியில் மூன்று வகையும் ஏறிப் போயின. எது எங்கே என்று காந்தம் சகலையிடம் தனியாகச் சொல்லவில்லை. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து பார்க்கிற ஆள், சிவப்பு முனை என்றால் தெரியாதா என்று விட்டுவிட்டார். சகலைக்குத் தெரியவில்லை. அவர் பட்டறைக்கு வந்ததெல்லாம் பேசுவதற்கு. பார்ப்பதற்கு வந்ததில்லை. அதுவரை காந்தத்திடம் வாங்கியவர்கள் தாங்களே கட்டிக்கொள்கிற பண்ணைக்காரர்கள். பலகை பொறுக்கும்போதே எதற்கு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். சகலை கொட்டகைக்குத் தச்சர் ஒருவரை அமர்த்தியிருந்தார்.

தச்சர் ஊருக்குப் புதிது. மனைவியும் கைக்குழந்தையுமாக ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். அதற்கு முன் வேலை பார்த்ததெல்லாம் பெரிய மரக் கடைகளின் புது மரத்தில். புது மரம் காயும்போது முனையிலிருந்துதான் வெடிக்கும். அது வெடிக்காமலிருக்க முனைகளில் பெயின்ட் பூசி வைப்பது அங்கே வழக்கம். பெரும்பாலும் சிவப்பு. எந்தத் தச்சரும் பலகையைக் கையில் எடுத்ததும் முதலில் செய்வது அந்த முனையை அறுத்து, நேரான வெட்டுமுகம் எடுப்பதுதான். இவரும் அதையே செய்தார். காந்தம் எச்சரிக்கை எழுதிய இடத்தைத்தான் அவர் முதல் வேலையாக வெட்டிப்போட்டார். இருவருமே தங்கள் தொழிலில் சரியாக நடந்துகொண்டார்கள்.

வேலையில் அவர் கெட்டி. கொட்டகை ஒரு கோணல் இல்லாமல் எழுந்தது. கன்றுகளுக்கென்று தனியாக நீளமான தீவனத் தொட்டி ஒன்றும் செய்தார். கனமாக, பூச்சி அரிக்காமல் இருந்த பலகைகளாகப் பொறுக்கி எடுத்து இணைத்தார். பால் நிலையத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள். நிலையத்துக்கும் ஒரு கொட்டகை தேவைப்பட்டது, இவரிடமே கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். காந்தமும் வந்தார். தூண்களைத் தட்டிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார். தொட்டியில் அந்நேரம் வைக்கோல் நிறைந்திருந்தது. மச்சினி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

மழை பிடித்தது. தொட்டியில் ஊறிய தீவனம் போட்டார்கள். பால் மறக்கிற வயதில் கன்றுகள் எதையாவது நக்கிக்கொண்டே இருக்கும், தீவனம் தீர்ந்த பிறகும் பலகையை விடாது. முதலில் நெற்றிச்சுட்டிக் கன்று கழிய ஆரம்பித்தது. பிறகு கால் பின்னியது. தாய் செத்துப்போய், தங்கை தன் கையால் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கன்று அது. அவள் வாசலுக்கு வந்தால் ஆட்களை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடி வரும். கால்நடை மருத்துவர் வந்த நாளில் அது எழுந்திருக்கவில்லை. அவர் ஊசி போட்டார், சாணத்தையும் இரத்தத்தையும் எடுத்துக்கொண்டார். பிறகு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்.

"இங்க புதுசா என்ன மாறியிருக்கு?"

"எல்லாமே புதுசுதான் டாக்டரம்மா. கொட்டகையே புதுசு" என்றார் சகலை.

"மரம் எங்க வாங்கினீங்க?"

சகலை சொன்னார். மருத்துவர் தொட்டியிலிருந்து ஒரு சிராய் உடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, இனி அதில் தீவனம் வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பொழுது சாய்வதற்குள் கன்று செத்துவிட்டது. இன்னொரு கன்றும் படுத்துவிட்டது.

தங்கை ஃபோன் செய்தாள். அழவில்லை.

"அத்தான், சுட்டிக் கன்னு போயிடுச்சு. டாக்டரம்மா தொட்டியப் பத்திக் கேக்குறாங்க. நீங்க ஒரு தடவை வந்து பாருங்க."

காந்தம் உளியோடு வந்தார். தொட்டியின் உள்பக்கத்தில் பலகையும் பலகையும் சேரும் இடத்தில் மெல்லிய சீவல் ஒன்று எடுத்தார். சாம்பல் நிறத்துக்கு அடியில் பச்சை. இன்னோர் இடத்தில் சீவினார். அங்கும் பச்சை. பிறகு தொட்டியைக் கழற்ற ஆரம்பித்தார். சகலை பின்னாலேயே நின்றார்.

"சகல, என்னன்னு சொல்லிட்டுக் கழட்டுங்க."

"விளிம்புப் பலகை. மருந்து மரம்."

"உங்க கடைப் பலகைதானே?"

"என்னுதுதான்."

சகலை கொட்டகையை விட்டு வெளியே போய்விட்டார்.

கழற்றிய பலகைகளைத் தூக்கி வண்டியில் போடும்போதுதான் காந்தத்தின் கண்ணில் பட்டது: மூலையில் சாக்கு மூடிய குவியல், வெட்டிப்போட்ட முனைத் துண்டுகள். பாதிக்கு மேல் சிவப்பு. தச்சரும் சேதி கேட்டு அப்போது வந்து சேர்ந்திருந்தார். அந்தக் குவியலருகே இருவரும் பேசியதைத் தச்சர் நெடுநாள் கழித்து என்னிடம் சொன்னார்.

"வெடிக்காம இருக்க அடிச்ச பெயின்ட்டுன்னு நினைச்சேண்ணே" என்றாராம் தச்சர்.

"ஆமா. எல்லாக் கடையிலயும் அதுக்குத்தான் அடிப்பாங்க."

"நீங்க எதுக்கு அடிச்சீங்க?"

காந்தம் துண்டுகளைச் சாக்கில் அள்ளினார். வேறு வேலை ஏதாவது கைவசம் இருக்கிறதா என்று கேட்டார். நிலையத்துக் கொட்டகைதான், அது வந்தால் இங்கேயே இருப்போம், வராவிட்டால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யணும் என்றார் தச்சர். காந்தம் தலையசைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

இரண்டாவது கன்று பிழைத்துக்கொண்டது. பரிசோதனை முடிவு வந்தது, மருத்துவர் நினைத்தது சரி. அதற்குள் சேதி பால் நிலையம் முழுக்கப் பரவியிருந்தது. நிலையத்தில் பால் ஊற்றுகிறவர்கள்தான் காந்தத்தின் வாடிக்கைக்காரர்கள். அவர்கள் வாங்காவிட்டால் பட்டறைக்கு வேலை இல்லை. காந்தம் விஷப் பலகையை விற்கிறார் என்று ஒரு பேச்சு. அவர் மாற்றி ஏற்றிவிட்டிருப்பார், வயசாகிவிட்டது என்று ஒரு பேச்சு. தச்சன் பார்த்திருக்கக் கூடாதா என்றும் ஒரு குரல். இதில் எது நிலைக்கிறதோ அதை வைத்துத்தான் ஒருவருடைய பிழைப்பு போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

காந்தம் பட்டறையைப் பூட்டினார். தன் மரம் போன கொட்டகை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். எங்கெங்கே விற்றோம் என்று அவர் எழுதி வைத்ததில்லை. மனைவிக்குத்தான் நினைவிருந்தது. பலகை போன இடத்தை அந்த அம்மாள் அங்கே நடந்த கல்யாணம், பிரசவம், சண்டையோடு சேர்த்து நினைவு வைத்திருந்தார். இருவரும் சேர்ந்தே போனார்கள். போகிற இடமெல்லாம் காந்தம் குனிந்து தொட்டியின் ஓரத்தையும் தடுப்புப் பலகையையும் சீவிப் பார்ப்பார். மனைவி வீட்டுக்காரர்களோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

ஆடு வளர்க்கிற ஒருத்தி வாசலை மறித்து நின்றாள்.

"என்ன காந்தண்ணே, வித்த பலகையத் திரும்ப வாங்க வந்தியா?"

"பாத்துட்டுப் போயிடுறேன்."

"அஞ்சாறு வருஷமா என் ஆடு இதைத்தான் நக்குது. அதுங்க சாகல. நீ வந்து மோந்து பாத்துட்டுப் போனீன்னா ஊர்ல என் ஆட்டை எவன் வாங்குவான்?"

"நல்ல பலகையா இருந்தா நல்லதுன்னு நானே சொல்லிட்டுப் போறேன்."

"இப்ப உன் சொல்லுக்கு என்ன விலைன்னு தெரியும்ல?"

"தெரியும். அதான் உளியக் கொண்டாந்திருக்கேன்."

அவள் வழிவிட்டாள். எல்லாம் வெள்ளைப் பலகை. ஆனால் பரண் ஒன்றை ஆடு ஏறும் படியாக மாற்றியிருந்தாள், அதில் ஒரு விளிம்புப் பலகை இருந்தது. அதைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு, பதிலுக்கு வேறு பலகை அடித்துக் கொடுத்தார். போன இடங்களில் மிகச் சிலவற்றில்தான் இப்படி. பலர் உள்ளேயே விடவில்லை. ஒருவர் நாயை அவிழ்த்துவிடுவதாகச் சொன்னார். அந்த அம்மாள், "நாய்க்குக் கூண்டும் நம்ம பலகைதான், அதையும் பாத்துட்டுப் போறோம், அவுத்துவிடுங்க" என்றாராம். உள்ளே விட்டார்கள்.

வழியில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடிக்கும்போது மனைவி கேட்டார்.

"செவப்பு அடிச்சது நான். ஒரு பலகை விட்டதில்ல. அதை எப்ப சொல்லப் போறீங்க?"

"கேக்கட்டும்."

"கேப்பாங்க. என் தங்கச்சியே கேப்பா."

பால் நிலையத்தில்தான் கேட்டார்கள். காலையில் பால் ஊற்றுகிற நேரம். கேன்களோடு வரிசையில் எல்லோரும் நின்றார்கள். நானும் பால் வாங்கப் போயிருந்தேன். காந்தத்தை வரச் சொல்லியிருந்தார்கள். அவரும் மனைவியும் வந்து எடைத் தராசுக்கு அருகே நின்றார்கள். தங்கை பாலை ஊற்றி முடித்த கேனை இறக்கி வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள், அத்தானைப் பார்க்கவில்லை. தச்சர் கதவோரமாக நின்றார். நிலையத்துக் கொட்டகைக்கு அளவெடுக்க அவரையும் அன்றைக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். அளவு நாடா கையிலேயே இருந்தது.

சகலை வந்தார். அவர் குரலில் கோபம் குறைந்துபோய்க் களைப்பு தெரிந்தது.

"சகல, நான் சண்டைக்கு வரல. கன்னு போனது போனது. ஆனா இவங்க எல்லாரும் உங்ககிட்டதான் வாங்குறாங்க. அதனால எல்லாரும் இருக்கும்போதே கேக்குறேன். ஒரே ஒரு கேள்விதான். விஷப் பலகைன்னு நீங்க அடையாளம் போட்டீங்களா, இல்லையா? போட்டிருந்தீங்கன்னா கட்டினவன் பாக்கல. போடலன்னா நீங்க ஏமாத்திட்டீங்க. எதுன்னு சொல்லுங்க, நான் அதோட விட்டுடுறேன்."

தச்சர் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். சொல்ல வாய் வரைக்கும் வந்தது என்று பிறகு அவர் என்னிடம் சொன்னார். வந்திருக்கலாம். நான் பார்த்தவரை அவர் வாய் மூடித்தான் இருந்தது. காந்தத்தின் மனைவி ஓர் அடி முன்னால் வைத்தார்.

நான் அந்த நொடியைப் பலமுறை யோசித்திருக்கிறேன். போட்டேன் என்று சொல்லியிருந்தால் அது உண்மை. அந்த உண்மைக்குச் சாட்சி பக்கத்திலேயே நின்றது. வண்டியில் சாக்கு நிறைய முனைத் துண்டுகளும் கிடந்தன. பட்டறை பிழைத்திருக்கும், ஒரு தச்சர் குடும்பம் வேறு ஊர் பார்த்திருக்கும். இதில் கருணை காட்டினார் என்று சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பொய் சொல்லிக் காட்டும் கருணை, அதை வாங்கிக்கொள்கிறவனையும் பொய்யில் பங்காளியாக்குகிறது. தச்சர் இன்றுவரை அந்த எரிச்சலோடுதான் பேசுகிறார். 'நான் என்ன அவர்கிட்டக் கேட்டேனா?' என்கிறார். இரண்டு பொருளில் படிக்க முடிகிற அடையாளத்தை அடையாளம் என்றே காந்தம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, ஆகவே உண்மையைத்தான் சொன்னார் என்றும் ஒருவர் வாதாடலாம். அது அழகான வாதம். அவர் அப்படியெல்லாம் யோசிக்கிற ஆள் என்பதற்கு என்னிடம் ஆதாரமில்லை. தன் ரம்பத்துக்கு அடியில் போனது எல்லாமே தன்னுடையது என்கிற ஒருவகை அகம்பாவமாகவும் இருக்கலாம். மனைவி அடித்த பெயின்ட்டைக் கேட்காமலே எடுத்துத் தள்ளிவிட உரிமை உண்டா என்று நினைத்தால், அகம்பாவம் என்பதுதான் சரி என்றும் தோன்றுகிறது.

காந்தம் சகலையின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"போடல."

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ வருடம் அந்த மனிதரை நாள் முழுக்க வாயால் வறுத்தெடுத்தவர், தங்கையின் காலியான கேனை எடுத்துக் குழாயடிக்குப் போய் அலசினார். தங்கை அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

அந்த மழைக்காலம் முழுக்கப் பட்டறையில் ரம்பச் சத்தம் கேட்கவில்லை. அக்காவும் தங்கையும் அடுத்த மழைக்காலம்வரை பேசிக்கொள்ளவில்லை. நிலையத்துக் கொட்டகையைத் தச்சர்தான் கட்டினார். பிறகு வேலிக்கு முதுகுக் கட்டை வாங்கச் சிலர் வந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பலகைக்கும் வந்தார்கள். இப்போது விளிம்புப் பலகை எதுவானாலும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ரம்பத்தால் பள்ளமாக ஓர் ஆழமான காடி கிழித்துத்தான் விற்கிறார். எங்கே வெட்டினாலும் அது தெரியும். பலகையின் பாதி பலம் அதில் போய்விடுகிறது என்று வாங்குகிறவர்கள் முனகுகிறார்கள்.

பால் நிலையத்திலிருந்து திரும்பும்போது, ஏன் போடலன்னு சொன்னீங்க என்று மனைவி கேட்டிருக்கிறார். இரண்டாம் முறையும் கேட்டிருக்கிறார். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தாராம். வீட்டுக்கு வந்ததும் பின்பக்கம் போய்க் குளித்துவிட்டு வந்து, சாப்பாடு போடச் சொன்னாராம்.